உப்புக் கணக்கில் வராத வாழ்க்கை

மரக்காணத்து உப்பைப் பற்றி எழுத உட்காருகிறவருக்கு ஆவணப் பஞ்சம் இல்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஊர்தான் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி. படகுப் போக்குவரத்து நடந்த காலத்தில் அந்தக் கால்வாய் வழியே போன சரக்குகளில் உப்பும் உண்டு. ஊருக்குள் பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அதே நூலில், உமணர்களின் உப்பு வண்டியோடு வந்த குரங்கொன்று உமணப் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும் காட்சியும் வருகிறது. பிற்காலத்தில் வெள்ளையர் ஆட்சி உப்புக்கென்றே தனி இலாகா வைத்து, விளைந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, வரி எவ்வளவு என்று எழுதிக் குவித்தது. இத்தனை எழுத்துக்கும் நடுவில், விடியும் முன்பே அளத்தில் இறங்கி, சும்மாடு கூட்டி, ஈர உப்பைக் கூடை கூடையாகச் சுமந்து அம்பாரத்தில் கொட்டும் பெண் ஒரு கூலித் தொகையாக மட்டுமே நிற்கிறாள். அவள் யாரோடு சிரித்தாள், யாருக்காக அழுதாள், யாரோடு வாழ்நாளைக் கழிக்க ஆசைப்பட்டாள் என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி கிடையாது. அந்த ஆசை இன்னொரு பெண்ணின் மீது என்றால், அப்படி ஒரு பத்தி வேண்டும் என்றே எவருக்கும் தோன்றியிருக்காது.

பெண்ணை நேசிக்கும் பெண்கள் நம் ஊர் ஆவணங்களில் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறார்கள். ஆனால் இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும்: காணாமல் போனபோதும், செத்துப்போனபோதும். ‘மகளைக் காணவில்லை’ என்ற புகாரில் ஒருத்தி வருகிறாள். சந்தேக மரணம் என்ற கோப்பில் இன்னொருத்தி வருகிறாள். இடைப்பட்ட ஐம்பது அறுபது ஆண்டு வாழ்க்கை காகிதத்தில் ஏறுவதே இல்லை. எது ஆவணமாகிறதோ அதிலிருந்துதான் வரலாறு எழுதப்படுகிறது என்பதால், இந்தப் பெண்களின் வரலாறு ஓட்டமும் சாவுமாகவே படிக்கக் கிடைக்கிறது. இதை மாற்ற அரசையோ பல்கலைக்கழகத்தையோ நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. சம்பந்தப்பட்டவர்களே சேகரித்து, அவர்களே சாவியை வைத்திருக்கும் காப்பகங்கள் தேவை. அதிலும் பெருநகரங்களில் மட்டும் இருந்தால் போதாது. மரக்காணம் போன்ற உழைக்கும் கடற்கரைகளுக்கும் அவை வந்துசேர வேண்டும்.

தமிழ் நாளிதழ்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ‘தீராத வயிற்றுவலி’ என்ற தற்கொலைக் காரணம் பழகிப்போன ஒன்று. அந்த ஒற்றைக் காரணத்துக்குள் வரதட்சணைக் கொடுமையும், சாதி கடந்த காதலும், வீட்டுக்குள் நடந்த வன்முறையும் சேர்ந்தே புதைந்திருக்கின்றன. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பிரிய முடியாமல் எடுத்த முடிவுகளும் அங்கேதான் கிடக்கின்றன. கேரளத்தில் 2002-ல் தொடங்கிய சஹயாத்ரிகா என்ற அமைப்பு, ‘தோழிகள் சேர்ந்து தற்கொலை’ என்று பத்திரிகைகளின் மூலையில் வெளியான செய்திகளைத் திரட்டி, அவற்றின் பின்னால் இருந்த வாழ்க்கையைத் தேடிப் போனது. தனித்தனிச் செய்தியாகப் படிக்கும்போது தற்செயலாகத் தெரிவது, ஒரே கோப்பில் அடுக்கும்போது தற்செயலாகத் தெரிவதில்லை. காப்பகம் என்பதன் முதல் பயன் இதுதான். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே, சிதறிக் கிடப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுமே கேள்வி பிறந்துவிடுகிறது.

வங்காளத்து நிகழ்வு ஒன்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2011 பிப்ரவரியில் நந்திகிராம் பகுதிக் கிராமமொன்றில் இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தங்கள் அன்பைப் பற்றிக் கடிதம் எழுதி வைத்திருந்தார்கள். உடல்களைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தார் முன்வரவில்லை. பெற்றவர்களும் உற்றவர்களும் உயிரோடு இருக்கும்போதே இருவரும் கேட்பாரற்ற பிணங்களானார்கள். கொல்கத்தாவின் ‘சாஃபோ ஃபார் ஈக்வாலிட்டி’ அமைப்பினர் அந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்தார்கள். அதிலிருந்து தேபலீனா இயக்கிய ஆவணப்படம் 2013-ல் வெளியானது. அந்தக் கடிதம் அதில் வாசிக்கப்படுகிறது. இந்த அமைப்பு அன்று போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போலீஸ் கோப்பில் இரண்டு எண்கள் மிஞ்சியிருக்கும். தடயப் பொருளாக எடுக்கப்பட்ட கடிதம், வழக்கு முடிந்ததும் மற்றக் காகிதங்களோடு கழித்துக்கட்டப்பட்டிருக்கும். அரசு அலுவலகத்துக்கு அது சாவுக்கான ஆதாரம். அதையே காப்பகம் கையில் எடுக்கும்போது, அந்தப் பெண்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய ஒரே நூலாகிறது. காகிதம் ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளே வேறாகிவிடுகிறது.

‘இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவை 2018-லேயே உச்ச நீதிமன்றம் தளர்த்திவிட்டதே, இனி என்ன குறை’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பிரிவின் கீழ்ப் பெண்கள் மீது வழக்கு நடந்தது அரிதிலும் அரிது. அது பெரும்பாலும் ஆண்களையும் திருநங்கைகளையும் மிரட்டப் பயன்பட்டது. பெண்களுக்குச் சிறை எப்போதும் வீடாகவே இருந்திருக்கிறது. போனைப் பிடுங்குவது, அறையில் பூட்டுவது, பேயோட்டக் கூட்டிப்போவது, அவசரமாகக் கல்யாணம் முடிப்பது ஆகியவற்றுக்கு எந்தக் காவல் நிலையத்திலும் பதிவேடு கிடையாது. (இலங்கையில் நடந்தது இன்னும் வேதனை. 1995-ல் அங்கே தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை ஆண்களைக் குறித்த பிரிவில் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள்.) அதனால் இங்கே பெண்களின் கதை நீதிமன்றத்துக்கு வரும் வழி ஆட்கொணர்வு மனுவாகவோ, போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் மனுவாகவோதான் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து தஞ்சமடைந்த இரண்டு பெண்கள் அப்படித்தான் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அளித்த உத்தரவு பல காரணங்களுக்காகப் பேசப்பட்டது. தன்பாலின ஈர்ப்பை ‘குணப்படுத்துவதாக’ நடக்கும் சிகிச்சைகளுக்கு அது தடை சொன்னது. அதன் தொடர்ச்சியாகத் தமிழகக் காவலர் நடத்தை விதிகளும் 2022-ல் திருத்தப்பட்டன. அந்த உத்தரவில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாக எழுதினார். உளவியலாளர் ஒருவரிடம் அமர்வுக்குப் போய்க் கற்றுக்கொண்டு, அதன் பிறகே தீர்ப்புக்கு வந்தார். படித்த, நேர்மையான ஒரு நீதிபதிக்கே கற்க வேண்டிய நிலை இருந்தது என்றால், நம் பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் பத்திரிகைகளும் இத்தனை காலமாக எதைச் சேர்த்து வைக்காமல் விட்டிருக்கின்றன என்று புரியும்.

சமூகக் காப்பகம் என்றால் என்ன என்பதற்கு உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கும் முன்மாதிரி நியூயார்க்கில் இருக்கிறது. 1974-ல் ஜோன் நெஸ்லே, டெபோரா எடெல் முதலானோர் தொடங்கிய லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்கைவ்ஸ், நெஸ்லேயின் மன்ஹாட்டன் வீட்டில்தான் பல ஆண்டுகள் இயங்கியது. பிறகு பெண்கள் கொடுத்த சிறுசிறு நன்கொடைகளில் புரூக்ளினில் சொந்த வீடு வாங்கி 1993-ல் திறந்தார்கள். உள்ளே நுழையப் பட்டமோ ஆய்வாளர் அடையாள அட்டையோ கேட்பதில்லை. எந்த லெஸ்பியனின் வாழ்க்கையும் சேமிக்கத் தகுந்ததே என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. இதை வெறும் நல்லெண்ண வாசகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு மேபல் ஹாம்ப்டனே சான்று. 1902-ல் பிறந்த கறுப்பினப் பெண் அவர். இளமையில் மேடை நடனம். பிறகு நெடுங்காலம் வீட்டு வேலை. 1932-ல் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் லில்லியன் ஃபாஸ்டரைச் சந்தித்தார். 1978-ல் லில்லியன் இறக்கும்வரை இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஊரார் வீட்டைத் துடைத்த ஒரு பெண்ணின் நாற்பத்தாறு ஆண்டு இல்லறத்தை எந்த அரசுக் காப்பகம் கேட்டு வாங்கியிருக்கும்? மேபல் தான் சேர்த்து வைத்திருந்த நாவல்களையும் காகிதங்களையும் காப்பகத்துக்குக் கொடுத்தார். நெஸ்லே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து அவரைப் பேசவைத்தார். இன்று அந்தக் காலத்துக் கறுப்பின உழைக்கும் பெண்களின் அன்பைப் பற்றி எழுதுகிறவர் எவரும் மேபலின் குரலைக் கேட்காமல் எழுத முடிவதில்லை.

நம் நாட்டில் இந்த வேலை நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். மும்பையில் 1990-களில் உருவான ஸ்த்ரீ சங்கம், பிறகு லேபியா என்று பெயர் மாற்றிக்கொண்ட குழு, ‘ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற சிற்றிதழை நடத்தியது. இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன ‘ஃபயர்’ படத்தின் மீது 1998 டிசம்பரில் தாக்குதல் நடந்தபோது டெல்லித் தெருவில் லெஸ்பியன் என்ற சொல்லை அட்டையில் எழுதி ஏந்தி நின்ற பெண்கள், அந்தக் காலத்து ஆவணங்களைத் தொகுத்து அடுத்த ஆண்டே அறிக்கையாக்கினார்கள். சாஃபோ கொல்கத்தாவில் 1999-ல் பிறந்ததும் அந்தச் சூட்டில்தான். பெங்களூரில் ஆவணப்பட இயக்குநர் டி. ஜெயஸ்ரீயின் முயற்சியால் 2017-ல் உருவான கம்ரா காப்பகம் இன்று தேசியச் சட்டப் பள்ளியில் இயங்குகிறது. சென்னையில் 2003-ல் தொடங்கிய ஓரினம் குழு தமிழிலும் ஆங்கிலத்திலும் கதை, கவிதை, பெற்றோரின் கடிதங்கள், 377 வழக்கின் ஆவணங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாதுகாத்துவருகிறது. மாலினி ஜீவரத்தினம் 2017-ல் எடுத்த ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்வுமன்’ ஆவணப்படம் தமிழ்ப் பெண்களின் காதலையும் தற்கொலைகளையும் நேராகப் பேசியது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1988-ல், நம் எழுத்தாளர் அம்பை மற்ற இரு அறிஞர்களோடு சேர்ந்து மும்பையில் ஸ்பாரோ என்ற பெண்கள் ஒலி, ஒளிக் காப்பகத்தைத் தொடங்கி, எழுதப்படாத பெண்களின் வாழ்க்கையைக் குரலாகவே சேமிக்கலாம் என்று காட்டினார். கோட்டையூர் ரோஜா முத்தையாவையும் இந்த வரிசையில் வைப்பேன். கல்யாணப் பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் பாட்டுப் புத்தகமும் குப்பை என்று ஊர் நினைத்த காலத்தில் அவற்றை அவர் பொறுக்கி வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பின் மீதுதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. தனி மனிதரின் பிடிவாதம் ஒரு சமூகத்தின் ஆவணமாக மாறுவதற்குத் தமிழர்கள் அயலூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் இந்தச் சேகரிப்புகளைப் புரட்டும்போது ஒரு சாய்வு கண்ணில் படுகிறது. பெரும்பகுதி நகரம், பெரும்பகுதி ஆங்கிலம், எழுதத் தெரிந்தவர்களின் எழுத்து. மாயா சர்மா வட இந்தியாவில் உழைக்கும் வர்க்கத்துப் பெண்களைத் தேடிப் போய், அவர்கள் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு 2006-ல் நூலாக்கினார். அதற்கு இணையாகத் தமிழ்க் கடற்கரையில் ஒரு நூல் வந்திருக்க வேண்டும். ‘லெஸ்பியன் என்பது மேல்நாட்டு இறக்குமதி, மேல்தட்டு விளையாட்டு’ என்று சொல்பவர்களுக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது. நந்திகிராமின் அந்தப் பெண்கள் வெளிநாட்டுப் புத்தகம் படித்துக் காதலிக்கவில்லை. 1980-களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தில் திருமணம் செய்துகொண்டு வேலையை இழந்த இரண்டு பெண் காவலர்களும் அப்படித்தான். வெளியிலிருந்து வந்தது பேசுவதற்கான சில சொற்கள்; ஆசை இங்கேயே இருந்தது. மேல்தட்டுக் கதையாக இது தோன்றுவதற்குக் காரணம், மேல்தட்டின் காகிதங்கள் மட்டும் சேமிக்கப்பட்டதுதான். சேகரிப்பின் குறையை எடுத்து வாழ்க்கையின் குறையாகக் காட்டுவது நியாயமாகாது.

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்தும் ஒரு கேள்வி வரும். அதை நான் அதிகம் மதிக்கிறேன். உப்பளத்தில் பெண்கள் கூட்டமாக வேலை செய்கிறார்கள். ஒருத்தி கூடையைத் தூக்கிவிட இன்னொருத்தி சுமக்கிறாள். வெடித்த பாதத்துக்கு ஒருத்தி எண்ணெய் தடவிவிடுகிறாள். புருஷன் குடித்துவிட்டு அடித்தால் பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டில் படுக்க இடம் கொடுக்கிறாள். இந்தத் துணையை எல்லாம் லெஸ்பியன் வரலாறு என்று முத்திரை குத்தப் போகிறீர்களா, அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் ஆகாதா? ஆகும், அப்படிக் குத்தினால். சங்கப் பாட்டின் தோழியைக் காட்டி அன்றே எல்லாம் இருந்தது என்று சாதிப்பவர்கள் செய்வதும் அதே அவசரம்தான். நல்ல காப்பகம் இந்த அவசரத்துக்கு இடம் தராது. பேசுகிறவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அதை அப்படியே எழுதும். ‘அவ இல்லாட்டி நான் இல்ல’ என்று ஒருத்தி சொன்னால், அந்த வாக்கியம் போதும். அதற்கு மேல் வகைப்பெயர் சூட்டுவது சேகரிப்பவரின் வேலையல்ல. அதே சமயம், எல்லா நெருக்கத்தையும் ‘வெறும் சிநேகம்’ என்று ஒதுக்குவதும் முத்திரைதான் என்பதை மறக்கக் கூடாது. கல்யாணமான ஆணும் பெண்ணும் காதலித்தார்களா என்று எவரும் சான்று கேட்பதில்லை. பெண்ணும் பெண்ணும் என்றால் மட்டும் நீதிமன்ற அளவுக்கு நிரூபணம் கேட்பது என்ன நீதி?

உப்பளக் கடற்கரையைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கையில் சொந்தக் கூலி, பகலெல்லாம் பெண்களின் கூட்டம், வீட்டுக்கு வெளியே ஓர் இடம் என்று பெண்ணின் வாழ்க்கையில் அபூர்வமாகச் சேரும் மூன்றும் இங்கே சேர்கின்றன. கூலி ஆணைவிடக் குறைவுதான். மழைக்காலத்தில் அளம் முழுகிவிட்டால் அதுவும் இல்லை. ஆனாலும் அது அவள் கையில் வரும் காசு. மேபல் ஹாம்ப்டனுக்கும் லில்லியனுக்கும் தனிக் குடித்தனம் சாத்தியமானது இருவரும் சம்பாதித்ததால்தான். எனவே பெண்களின் அன்பை ஆராய்கிறவர் கூலியையும், வாடகையையும், அளம் மூடும் மாதங்களையும் சேர்த்தே ஆராய வேண்டும். உப்புத் தொழிலாளர் வரலாற்றை எழுதுகிறவருக்கும், ‘குடும்பம்’ என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாப் பெண்களையும் போட்டு மூடும் பழக்கம் உதவாது.

அங்கே எதைச் சேகரிப்பது? கடிதம் இருக்காது, எழுதப் படிக்கத் தெரியாத தலைமுறை அது. சுயஉதவிக் குழுக் குறிப்பேட்டில் ஒருத்தியின் கடனுக்கு ஜாமீனாக ஆண்டாண்டு காலமாக நிற்கும் இன்னொருத்தியின் கைநாட்டு இருக்கலாம். திருவிழாவில் ஸ்டூடியோ திரைச்சீலைக்கு முன் இருவர் மட்டும் எடுத்துக்கொண்ட படம், முன்கையில் பச்சை குத்திய ஒரு பெயர், செத்த வீட்டில் பாடிய ஒப்பாரி, இளையவர்களிடம் போனில் தங்கிவிட்ட குரல் செய்திகள் ஆகியவையும் ஆவணங்கள்தான். ரேஷன் கார்டுகூட. தன்பாலினத் துணைகளை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது 2024-ல்தான். அதற்கு முன் ஒரே கூரையின் கீழ் இருவரிடம் இரண்டு கார்டுகள் இருந்திருந்தால் அதுவே ஒரு வரலாற்றுச் செய்தி. எல்லாவற்றுக்கும் மேலாகக் குரல். அளத்தில் இளமையைக் கழித்தவர்கள் இன்று கிழவிகள். கண் மங்கி, மூட்டு தேய்ந்து, ஒவ்வொரு வருஷமும் சிலர் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சேகரிப்பு ஆபத்தில் முடியாதா என்பதுதான் கடைசி மறுப்பு. எல்லாவற்றிலும் கனமானதும் அதுவே. ஊர்க் கட்டுப்பாடும் சாதிக் கட்டுப்பாடும் உள்ள இடத்தில் ஒரு பெயர் வெளியே கசிந்தால் அந்தப் பெண் வேலையும் வீடும் உயிரும் இழக்கக்கூடும். இதற்குத் தைரியம் பதிலாகாது. விதிமுறைதான் பதில். பேசியவர் உயிரோடு இருக்கும்வரை பூட்டி வைப்பது, ஊரையும் பெயரையும் மாற்றி எழுதுவது, அசல் பெயரேட்டைச் சேகரிப்பிலிருந்து தனியாக வேறு ஊரில் வைப்பது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவது ஆகிய நான்கும் குறைந்தபட்சம். காப்பகம் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். பொருள் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருக்கட்டும். எதைத் திறப்பது, யாருக்குத் திறப்பது என்ற முடிவு மட்டும் ஊர்ப் பெண்களிடம் இருக்க வேண்டும். வேலூரைச் சேர்ந்த பெண் தொடர்பான வழக்கில் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பெயர்களை மறைத்து எழுத்துகளால் மட்டுமே குறித்தது. திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு காப்பகத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது. பொருளைக் கொடுத்தவர் இறந்த மறுவாரமே ‘எங்க வீட்டுப் பொண்ணு படம், குடுங்க, எரிக்கணும்’ என்று பிறந்த வீட்டார் வந்து நிற்பார்கள். அதனால் ஒப்படைப்புப் படிவத்தில், தனக்குப் பின் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்று அவரே பெயர் சொல்லும் இடம் கட்டாயம் இருக்க வேண்டும். படிவம் எளிய தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவர் அந்தப் பெயரைச் சொல்வதும், சம்மதம் சொல்வதும் ஒலிநாடாவின் முதல் பதிவாக இருக்க வேண்டும். வாழ்க்கைக் கதையைக் கேட்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.